பெயர் தைத்த கிறிஸ்துமஸ் தொங்கல்கள்: பழகாத கையால் செய்து பரிசாகக் கொடுக்கலாமா?

12 பேருக்கு, ஒவ்வொருவர் பெயரும் போட்டு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சின்ன அலங்காரங்களைக் கையாலேயே எம்ப்ராய்டரி செய்து கொடுக்க நினைக்கிறீர்கள். மேலும் கீழுமாக ஓடும் ரன்னிங் ஸ்டிச்சும் சங்கிலிபோல் கோக்கும் செயின் ஸ்டிச்சும்தான் தெரியும், கையில் 6 வாரம் இருக்கிறது, எந்தத் துணி எடுப்பது, எந்த டிசைன் போடுவது, பெயரை எப்படித் தைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில், "வாங்குகிறவர்கள் முகத்துக்காகச் சிரித்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவார்களோ" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதற்கும் பதில் சொல்கிறேன்.

கை எம்ப்ராய்டரி 18 வருடமாகச் செய்கிறேன், அதில் பாதிக்கு மேல் வகுப்பு எடுத்த வருடங்கள். மெஷின் எம்ப்ராய்டரி என் கைப்பழக்கத்தில் இல்லாதது, அதனால் கீழே இருப்பது எதையும் மெஷினுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். வகுப்பில் புதியவர்கள் செய்த தொங்கல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். கத்துக்குட்டி வேலை என்று காட்டிக்கொடுப்பது தையலாக இருப்பது அபூர்வம். கோணலாக வெட்டிய ஓரம், பசை போட்டு ஒட்டிய நாடா, வெள்ளைத் துணிக்குப் பின்னால் நிழலாகத் தெரியும் சிவப்பு நூல், வட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும் பெயர், இவைதான் காட்டிக்கொடுக்கும். ரன்னிங் ஸ்டிச் மட்டும் போட்டு ஓரத்தைச் சுத்தமாக முடித்த ஒரு தொங்கல், பத்து விதத் தையல் போட்டு ஓரம் பிசிறிய தொங்கலைவிட எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே இரண்டு தையல் போதுமா என்றால், ஏறக்குறைய போதும். மூன்றாவதாக, எழுத்துக்கு, ஒவ்வொரு தையலையும் முந்தையதன் முனைக்கே பின்னோக்கி இறக்கும் பேக் ஸ்டிச், நான்காவதாக, ஓரத்தைச் சுற்றி நூல் வளைத்து மூடும் பிளாங்கெட் ஸ்டிச், இவற்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சாயங்காலத்தில் வந்துவிடும்.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம், பெரும்பாலானோர் இடறுவது அங்கேதான். 3 அங்குல வட்டத் தொங்கல் ஒன்றுக்கு, புதிய கைக்கு, பெயர் தைக்க 40 நிமிடம், ஒரு சிறிய படம் தைக்க ஒரு மணி நேரம், ஓரம் தைத்து நாடா வைத்து முடிக்க இன்னொரு மணி நேரம். வெட்டுவது, வரைவதையும் சேர்த்தால் 3 மணி. 12 தொங்கலுக்கு 36 மணி நேரம். 6 வாரம் என்பது 42 நாள், அதாவது தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முடியாத காரியமில்லை. ஆனால் படத்தை முழுக்க, துணி தெரியாமல் நெருக்கமாக நேர்த்தையல் போடும் சாட்டின் ஸ்டிச்சால் நிரப்பும் ஆசை வந்தால் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். கோட்டுச் சித்திரமாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாக முழுதாக முடிப்பதைவிட, 12 பெயரையும் முதலில், 12 படத்தையும் அடுத்து, ஓரங்களைக் கடைசியில் என்று போனால் கை பழகப் பழக வேகம் கூடும். முதலில் செய்வது கொஞ்சம் சுமாராகத்தான் வரும், அதனால் 13-ஆவதாக ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொண்டு, முதலில் தைப்பதை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு நான் சொல்வது ஃபெல்ட். அது நெய்த துணி இல்லை, இழைகளை அழுத்திப் பின்னிப் பிணைய வைத்தது, அதனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கத் தேவையில்லாததால் பாதி வேலை மிச்சம். கம்பளி ஃபெல்ட், கம்பளி கலந்த ஃபெல்ட், அக்ரிலிக் ஃபெல்ட் என்று மூன்று வகை கிடைக்கும். அக்ரிலிக் மலிவு, நிறம் பளபளவென்று இருக்கும், ஆனால் இரண்டு முறை கசக்கினாலே மேலே பஞ்சு எழும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இளகி உருகும். வெட்டும் முன் கை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு எழும்பினால் முகப்புக்கு வேண்டாம், பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கனம் 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. அதைவிட மெலிந்தால் வெளிச்சத்தில் பின்பக்க நூல் தெரியும், தடித்தால் சின்ன எழுத்துக்கு ஊசி துல்லியமாக இறங்காது. சாதாரணப் பருத்தித் துணியில்தான் தைக்க ஆசை என்றால் 3 அங்குல மர வளையத்திலேயே தைத்து வளையத்தோடு தொங்கவிடலாம். சுற்றிலும் 3 சென்டிமீட்டர் துணி விட்டு வெட்டி, ஓரத்தில் ரன்னிங் ஸ்டிச் ஓட்டி, நூலை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி பின்னால் கூடிக்கொள்ளும். அதன்மேல் வட்டமாக ஒரு ஃபெல்ட் வைத்து மறைத்துத் தைத்தால் முடிந்தது. மேலே இருக்கும் திருகிலேயே நாடா கட்டிக்கொள்ளலாம். எனக்கென்னவோ மரத்தில் தொங்கும்போது ஃபெல்ட்தான் அழகு, வளையம் சுவருக்குப் பொருந்தும்.

இனி எழுத்து. இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஆங்கில எழுத்தில் பெயர் தைக்கச் சொல்லித்தரும் வழிமுறைகள் ஏராளம். தமிழ் எழுத்தில் தைக்கப் போனால் அவற்றில் பாதி உதவாது. 3 அங்குல வட்டத்தில் ஓரத் தையலுக்கு இடம் விட்டது போக உங்களுக்குக் கிடைப்பது நடுவில் 6 சென்டிமீட்டர் அகலம். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே வாலும் உண்டு. எழுத்தின் உடம்பு 8 மில்லிமீட்டர் உயரம் என்றால் மேல் கீழ் எல்லாம் சேர்த்து 14 மில்லிமீட்டராவது விட வேண்டும், இல்லாவிட்டால் ‘கி’யின் விசிறி படத்தின் மேல் போய் இடிக்கும். இரண்டு சுழி ‘ன’வுக்கு 8 மில்லிமீட்டர் அகலம் சமாளிக்கும். மூன்று சுழி ‘ண’ அதே அகலத்தில் நூல் குவியலாகிவிடும், சுழிக்கு நடுவில் துணி தெரிய வேண்டும், அதற்கு 11, 12 மில்லிமீட்டர் கொடுங்கள். ‘ட’ மட்டும் தைக்கிறவருக்கு வரம், எல்லாமே நேர்கோடு. ‘மார்க்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். காலும் ‘ர’வும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ‘ர’வின் அடியில் இருக்கும் சாய்ந்த வாலை 3 மில்லிமீட்டராவது இழுக்காவிட்டால் இரண்டு கால் போட்ட மாதிரி படிக்கும். காகிதத்தில் கண் அதைச் சரிசெய்து படித்துவிடும், நூலில் அப்படிப் படிக்காது.

மெய்யெழுத்துப் புள்ளிக்குச் சின்னக் கோடு போடாதீர்கள், ஃப்ரெஞ்ச் நாட் போடுங்கள். ஊசியில் நூலை ஒரே ஒரு சுற்று சுற்றி, மேலே வந்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இறக்கினால் கடுகளவு முடிச்சு உட்காரும். வந்த துளையிலேயே இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ‘ஜெனிஃபர்’ என்று ஒரு பெயர் வந்தால் ஆய்தத்துக்கு மூன்று, ‘ர்’ தலையில் ஒன்று என்று நான்கு முடிச்சு. அதையே சிவப்பில் போட்டுவிட்டால் கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் வரும் ஹாலி இலைக்கு நடுவில் இருக்கும் சிவப்புப் பழங்கள் மாதிரி அழகாக அமைந்துவிடும். எழுத்தின் கோட்டுக்கு பேக் ஸ்டிச். நேர்க்கோட்டில் ஒரு தையல் 3 மில்லிமீட்டர் இருக்கலாம், சுழியில் 2-க்கு மேல் போனால் வளைவு முறிந்து கட்டம் கட்டமாகத் தெரியும். முடித்த பிறகு அதே நிறத்தில் ஒரு இழை நூலை, துணியைக் குத்தாமல், ஒவ்வொரு தையலின் அடியிலும் ஒரே பக்கமிருந்து நுழைத்துச் சுற்றிக்கொண்டே போனால் பேனாவால் எழுதின கோடு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். புதிய கையின் ஏற்றத்தாழ்வை இது அப்படியே மறைத்துவிடும். செயின் ஸ்டிச்சில் பெயர் தைக்க முடியும், ஆனால் கோடு தடிக்கும், 4 எழுத்துக்கு மேல் உள்ள பெயருக்கு இந்த அளவில் இடம் போதாது.

கட்டம் போட்ட ஐடா துணியில், கட்டத்துக்கு ஒரு X வீதம் போடும் கிராஸ் ஸ்டிச்சாகப் போடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதில் பரவலாகக் கிடைப்பது அங்குலத்துக்கு 14 கட்டம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 5 கட்டமும் இடைவெளிக்கு ஒரு கட்டமும் வைத்தால், 9 எழுத்துப் பெயருக்கு 53 கட்டம், அதாவது 4 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. 3 அங்குலத் தொங்கலில் அடங்காது. தமிழ் எழுத்தோ கட்டத்தில் படிக்கட்டாகிவிடும். முதலெழுத்து மட்டும் போதும் என்றால் கிராஸ் ஸ்டிச் அழகு, முழுப் பெயருக்கு வேண்டாம்.

எழுத்தைத் துணிக்கு மாற்றுவது ஃபெல்ட்டில் கொஞ்சம் தொல்லை. மேற்பரப்பு பஞ்சாக இருப்பதால் பென்சில் கோடு நிற்காது, ஊடே வெளிச்சம் போகாததால் ட்ரேஸ் செய்யவும் முடியாது. எளிய வழி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் பெயரை எழுதி, துணிமேல் நான்கு பக்கமும் பெரிய தையலால் இணைத்து, காகிதத்தோடு சேர்த்தே தைத்துவிட்டு அப்புறம் கிழித்தெடுப்பது. கிழிக்கும்போது தையலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, காகிதத்தைத் தையலை நோக்கி மடித்துக் கிழியுங்கள். மேலே தூக்கி இழுத்தால் நூல் தளர்ந்துவிடும். சுழிக்குள் மாட்டிய துணுக்குகளுக்கு ட்வீசர். தண்ணீரில் கரையும், ஒட்டிக்கொள்ளும் தாள்களும் கிடைக்கின்றன. அவை சுகமான வேலைதான், ஆனால் கரைப்பதற்கு ஃபெல்ட்டை நனைக்க வேண்டும், நனைந்த கம்பளி ஃபெல்ட் கொஞ்சம் சுருங்கும். அந்த வழியில் போனால் தைத்து, நனைத்து, தட்டையாக உலர்த்தி, அதன் பிறகே வட்டமாக வெட்ட வேண்டும்.

பேனாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்துவிட்டு, அழிக்கும் முன் இஸ்திரி போட்டால் அந்தக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் வகைப் பேனாவின் மை அதற்கு நேரெதிர். 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிறம் மறையும், உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கும் மேலாகக் குளிர்ந்தால் திரும்பத் தெரியத் தொடங்கும். மை எங்கும் போய்விடுவதில்லை, நிறம் மட்டும்தான் மறைகிறது. நீங்கள் கொடுக்கப்போகும் பொருளோ குளிர்காலத்தில் வெளியே எடுக்கும் பொருள். உறைபனி விழும் ஊருக்குப் பார்சலில் போகிற தொங்கலில் இந்தப் பேனா வேண்டாம்.

நூலுக்கு வருவோம். 6 இழை சேர்ந்த பருத்தி எம்ப்ராய்டரி நூல்தான் இந்த வேலைக்கு. டி.எம்.சி., ஆங்கர் போன்ற நிறுவனங்களின் நூல்கட்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும். 6 இழையையும் அப்படியே கோக்காதீர்கள், பெயருக்கு 2 இழை, படத்துக்கு 2 அல்லது 3. இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவியெடுத்து, மறுபடி சேர்த்துக் கோத்தால் தையல் தட்டையாகப் படியும். சேர்த்து இரண்டாக இழுத்தால் கீழே எல்லாம் சிக்கும். ஒரு முறைக்கு முழங்கை நீளம், 45 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இந்த நூலின் பளபளப்பு காரச் சோடாவில் பதப்படுத்துவதால் வருவது. ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறை, 1890 வாக்கில் ஹோரஸ் லோ நூலை இழுத்துப் பிடித்தபடி அதைச் செய்து காட்டிய பிறகுதான் இந்த மினுமினுப்பு வந்தது. மெர்சரைஸ்டு என்ற சொல் மெர்சரின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த மினுமினுப்பு மேற்பரப்பில் இருப்பது, ஒவ்வொரு முறை நூல் ஃபெல்ட்டுக்குள் போய் வரும்போதும் உரசித் தேயும். நீளமான நூலின் கடைசி முழம் மங்கலாக இருப்பது அதனால்தான்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. பேக் ஸ்டிச் மேலே ஒரு பங்கு, அடியில் இரண்டு பங்கு ஓடுவதால் கோட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல் தின்னும். 5 எழுத்துப் பெயரின் கோடுகளை நீட்டி வைத்தால் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 60 சென்டிமீட்டர் நூல் ஆகும். 12 பெயருக்கும் சேர்த்து 7 மீட்டர் சொச்சம். 8 மீட்டர்க் கட்டை 2 இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் வரும். வீணாவதையும் சேர்த்தாலும் பெயர்கள் அனைத்துக்கும் ஒரே கட்டு தாராளம். புதியவர்கள் ஆளுக்கு இருபது நிறம் வாங்கி வைத்துவிட்டு நான்கைத்தான் பயன்படுத்துவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று, தங்க மஞ்சள் ஒன்று. டி.எம்.சி.யின் நிற எண்களில் 321 நல்ல சிவப்பு, 699 அடர்ந்த பச்சை. 12 தொங்கலும் இந்த நான்கு நிறத்துக்குள் இருந்தால் ஒரே கை செய்தது என்று தெரியும்.

சிவப்பைச் சோதிக்காமல் தொடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு சிவப்பு நூல்கட்டை எடுத்து வெள்ளை ஃபெல்ட்டில் ஒரு நட்சத்திரம் தைத்தேன். கரையும் தாளை நீக்க நனைத்தேன், ஐந்து நிமிடத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி ரோஜா நிற மேகம். குளிர்ந்த தண்ணீரில் அலசி அலசிப் பார்த்தும் முழுதாகப் போகவில்லை. நூலில் ஒரு துண்டை வெட்டி, ஈரமான வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கறை இருந்தால் அந்த நூல் வெள்ளைத் துணியில் வேண்டாம். இன்னொன்று, ‘ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துதானே’ என்று பின்பக்கமாக நூலை நீளத் தாண்டவிடாதீர்கள். வெள்ளைக்கு அடியில் ஓடும் சிவப்பு நூல் முன்பக்கம் மங்கலாகத் தெரியும், அதுவும் பின்னால் விளக்கு எரியும் மரத்தில் தொங்கும்போது கட்டாயம் தெரியும்.

டிசைன் என்று வந்தால், பெயர் போட்டுவிட்டால் மட்டும் அது அவருக்கே அவருக்கான பரிசு ஆகிவிடாது என்பது என் கருத்து. பெயர் யாருக்கும் தெரியும். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும். சைக்கிளில் சுற்றுகிறவருக்கு ஒரு சக்கரம், எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவருக்கு இரண்டு கோட்டில் ஒரு புத்தகம். குழந்தைகளுக்கு இன்னும் சுலபம், அவர்களே வரைந்ததைக் கேட்டு வாங்கித் தைத்துவிடுங்கள். என்னிடம் படித்த ஒருவர், தன் அண்ணன் மகள் வரைந்த கலைமானை அப்படியே டிஷ்யூ காகிதத்தில் படியெடுத்துத் தைத்தார். மானுக்கு ஐந்து கால். "ஒன்றை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். விடவே கூடாது என்றேன். கோணல் அந்தக் குழந்தையுடையது, தைப்பவர் கையுடையது இல்லை என்பதால் புதியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. வயதானவர்களின் கையெழுத்தும் இப்படித் தைக்க ஏற்றது. பழைய கடிதத்தில் இருக்கும் அவர்கள் கையொப்பத்தை ஜெராக்ஸ் எடுத்து, அளவைக் குறைத்து, அதன்மேல் டிஷ்யூவை வைத்து எழுதினால் போதும்.

அப்படி எதுவும் தோன்றாதவர்களுக்குப் பனிப்படிகம் வைத்துக்கொள்ளுங்கள். பனிப்படிகத்துக்கு ஆறு கை, ஐந்தோ எட்டோ போட்டால் பார்த்தவுடன் உறுத்தும். காம்பஸால் வட்டம் போட்டு, அதே அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடி வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறு அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். ஆறு புள்ளியும் கிடைத்தாயிற்று. நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்த்தையல், நுனியில் V வடிவத்தில் இரண்டு குட்டித் தையல், 20 நிமிட வேலை. அடர்ந்த சிவப்பு ஃபெல்ட்டில் வெள்ளை நூலில் இது எடுபடுகிற மாதிரி வேறு எதுவும் எடுபடாது.

முடிக்கும் வேலைக்கு அவசரப்படாதீர்கள். தைத்து முடித்த பிறகே வட்டத்தை வெட்டுங்கள், பெயர் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதை நடுவாக வைத்து வட்டம் வரையலாம். கம்பளி ஃபெல்ட்டுக்கு இஸ்திரி தேவைப்பட்டால், தடித்த துண்டின் மேல் முகத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமிருந்து போடுங்கள், முடிச்சுகள் நசுங்காது. பின்பக்கத்துக்கு இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் மெல்லியதாகப் பாலியஸ்டர் பஞ்சு. தலையணை மாதிரி உப்ப வைத்தால் பெயர் வளைந்து ஓரத்து எழுத்துகள் பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். நாடாவை மடித்து, இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி வைத்து, உள்பக்க வட்டத்தோடு தனியாக நான்கு தையல் போட்ட பிறகே ஓரத்தை மூடுங்கள். மூடும் முன் ஒரு குண்டூசியில் தொங்கவிட்டுப் பாருங்கள். நாடா 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பெயர் சாய்ந்து தொங்கும். ஓரத்துக்கு பிளாங்கெட் ஸ்டிச், 4 மில்லிமீட்டர் ஆழம், 4 மில்லிமீட்டர் இடைவெளி. 3 அங்குல வட்டத்தின் சுற்றளவு 24 சென்டிமீட்டர், ஆக 45 சென்டிமீட்டர் நூல் இரண்டு முறை பிடிக்கும். முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஒளித்துவிடுங்கள்.

ஜெர்மனியின் லௌஷா ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் ஊதிச் செய்யத் தொடங்கிய கண்ணாடி உருண்டைகள் மரத்துக்கு அவ்வளவு பொருந்திப்போனதற்கு, அவற்றுக்கு முன் பின் கிடையாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். துணித் தொங்கல் நாடாவில் தன்னிஷ்டத்துக்குச் சுழலும், பாதி நேரம் முதுகைத்தான் காட்டும். அதனால் முதுகையும் வெறுமையாக விடாதீர்கள். வருடத்தை அங்கே போடலாம், ஓரமாக உங்கள் முதலெழுத்தையும். பின்வட்டத்தை இணைக்கும் முன்பே தைத்துவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதுவரை சொன்னவை திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதியானவை. இரண்டு விஷயங்களில் மட்டும் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். ஒன்று பசை. நேரமில்லை என்று சூட்டுப் பசையில் ஒட்டிய நாடாக்கள் சில வருடக்கணக்காக நிற்கின்றன, சில அடுத்த கோடையிலேயே இளகிக் கழன்றுவிட்டன. பசையை உருக்கும் அதே துப்பாக்கி, அதே பசைக் குச்சி, ஏன் இந்த வித்தியாசம் என்று இன்றுவரை பிடிபடவில்லை, அதனால் நான் தையலுக்கே போய்விட்டேன். இரண்டாவது மினுக்கு நூல். பாலியஸ்டரில் செய்த மெட்டாலிக் நூலின் நிறம் நிற்கும், ஆனால் புதிய கையில் பிரிந்து பிசிறி அழவைக்கும். உலோகம் சேர்ந்த ஜரிகை நாளடைவில் கறுக்கும், எவ்வளவு நாளில் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஆசையாக இருந்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், பெரிய கண் ஊசியில் கோத்து, நட்சத்திரத்தின் நுனிக்கு மட்டும் வையுங்கள்.

12 பேரில் கைக்குழந்தை உள்ள வீடு இருந்தால் அந்தத் தொங்கலில் மணி, பொத்தான், பாசி எதுவும் வேண்டாம், தையல் மட்டும். கம்பிக் கொக்கிக்குப் பதில் நாடா. மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் துணித் தொங்கல் கூடவே கூடாது. எல்.இ.டி. விளக்குச் சரம் அதிகம் சூடாகாது, பழைய இழை பல்புகள் கை சுடும், அவற்றைத் தொடாமல் தொங்கவிடச் சொல்லுங்கள். பரிசோடு ஒரு சின்னச் சீட்டில், நனைக்க வேண்டாம், பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும், அடுத்த வருடம் வரை வெயில் படாத இடத்தில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வைக்கவும் என்று எழுதிவிடுங்கள். கம்பளி ஃபெல்ட் என்றால் பூச்சி அரிக்கும் என்பதையும் ஒரு வார்த்தை.

தொடங்கும் முன் ஒன்று. 12 பெயரையும் அவரவர் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், ஊகிக்காதீர்கள். மூன்று சுழி போட வேண்டிய ஒரு பெயருக்கு இரண்டு சுழி போட்டு, ஓரம்கூட முடித்த பிறகு கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அப்படி நேர்ந்தால் முன்பக்கமிருந்து நூலை இழுக்காதீர்கள். ஓரத்தைப் பிரித்து, பின்பக்கம் சிறு கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி, ட்வீசரால் துணுக்குகளை எடுத்துவிட்டு, துளை இருந்த இடத்தை நகத்தின் முதுகால் மெதுவாகத் தேயுங்கள். ஃபெல்ட்டின் இழைகள் மறுபடி கூடி, துளை ஏறக்குறைய மறைந்துவிடும். நெய்த துணியில் இந்தச் சலுகை கிடையாது. பின்வட்டங்களை மட்டும் கடைசிவரை தனியாக வைத்திருந்து, வருடத்தை எல்லாவற்றுக்கும் பிறகு தையுங்கள். கிறிஸ்துமஸுக்குள் இரண்டு மூன்று முடியாமல் நின்றுபோனால், அடுத்த வருடத்து எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.